மூன்றாவது முனை

அந்தப் பெண் அதிகாரி மானின் தலையை இரண்டு கைகளாலும் தூக்கி, வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். கொம்பில் விரல் வைத்து முனைகளை எண்ணினார். ஒன்று… இரண்டு… விரல் நின்றுவிட்டது. அடுத்த கொம்புக்குப் போனார். அங்கேயும் இரண்டுதான்.

மூன்று இருந்திருக்க வேண்டும். 'மூணு இருக்கு, சுடுங்க' என்று சொன்ன ஆசாமி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வயது அறுபத்தொன்பது. பத்திரப் பதிவுத் துறையில் மாவட்டப் பதிவாளராக ஓய்வு பெற்றவர். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசுகிறவர்.

ஆமாம், நான்தான்.

நடந்து மூன்று வாரம் ஆகிறது. நடுவில் இரண்டு வாரம் பனி வாருவதைப் பற்றியும் பல் டாக்டரைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றினேன். 'சார், சரக்கு தீர்ந்துவிட்டதா?' என்று ஒரு வாசகர் அக்கறையோடு கேட்டிருந்தார். தீரவில்லை. இதை எழுதுவதற்கு முன்னால் ஒரு முடிவு தெரிய வேண்டியிருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

நான் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகள் நிர்மலா வீட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை குமரவேல் ஈரோட்டுக்காரர். மருந்து கம்பெனியில் வேலை. கொசுவை அடிப்பதற்குக்கூட யோசிக்கிற மனிதர். அவருக்கு வேட்டை ஆசையை மூட்டிவிட்டவர், நாலு வீடு தள்ளியிருக்கும் செந்தில். சென்னைக்காரர். ஐந்து வருடமாக மான் வேட்டைக்குப் போகிறார். இதுவரை சுட்டது ஒரு மான். பேச்சில் அது வருடத்துக்கு ஒன்றாகப் பெருகியிருக்கிறது.

எங்கள் நியூஜெர்சியில் மானை ரைஃபிளால் சுட அனுமதி கிடையாது. அதனால் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த கையோடு எல்லை தாண்டி பென்சில்வேனியா போகிறார்கள். இந்த வருடம் நாங்களும் போனோம். காட்டோரம் ஒரு கேபின் வாடகைக்கு. செந்தில், மாப்பிள்ளை, நான். நிர்மலாவும் வந்தாள் — மானுக்காக இல்லை, கணப்பு அடுப்புக்காகவும், யாரும் தொந்தரவு செய்யாமல் ஒரு நாவல் படிப்பதற்காகவும்.

வெளி மாநிலத்துக்காரர் லைசென்ஸ் வாங்க வகுப்பு உண்டு, தேர்வு உண்டு. துப்பாக்கியைத் தொடும் எண்ணமே இல்லாத நானும் எழுதினேன். கூட நின்று உதவுகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று விதிப் புத்தகத்தைப் படித்ததில் எனக்குத் தோன்றியது. நூற்றுக்கு நூறு.

"அங்கிள், இது மான் எக்ஸாம். நீங்க என்னமோ ஐ.ஏ.எஸ்.க்கு ப்ரிப்பேர் பண்ற மாதிரி பண்றீங்க!" என்றார் செந்தில்.

சிரிக்கட்டும். இந்தத் தெருவில் பாதிப் பேருடைய கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன் நான். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதைத் தெருவுக்கு ஞாபகப்படுத்தவும் நான் தவறியதில்லை.

மாப்பிள்ளையின் விண்ணப்பமும் அதில் அடக்கம். அவருடைய சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ, வேட்டைக்குப் போன நாளிலிருந்து பதினெட்டாம் நாள். பதினாறு வருடக் காத்திருப்பு. நிர்மலா சிட்டிசன். அதனால் அப்பா என்று சொல்லி என்னை அழைத்து வைத்துக்கொள்ள முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஈரோட்டில் தனியாக இருக்கிறார். முழங்கால் சரியில்லை. மருமகள் மாமியாருக்கு விண்ணப்பிக்க இங்கே வழியில்லை. மகன்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மகன் சிட்டிசன் ஆக வேண்டும். ஆக, அந்த இன்டர்வியூவில் உட்காரப்போவது ஒருவர், காத்திருப்பது இரண்டு பேர்.

சனிக்கிழமை காலை. விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் நானும் மாப்பிள்ளையும் ஆரஞ்சு கோட்டு, ஆரஞ்சு தொப்பியோடு உட்கார்ந்திருந்தோம். சாலை போடும் ஆட்கள் வழி தவறிக் காட்டுக்குள் வந்ததுபோல் இருந்தது. செந்தில் வேறு சரிவில்.

அந்தப் பகுதியில் விதி எளிமையானது. ஆண் மானாக இருந்தால், ஏதாவது ஒரு கொம்பில் குறைந்தது மூன்று முனைகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது இளசு. சுடக்கூடாது.

ஒன்பது மணிக்கு வந்தது. ஓசையே இல்லை. அங்கே இல்லாமல் இருந்தது, பிறகு இருந்தது. அவ்வளவுதான்.

"மாமா, துப்பாக்கி ஸ்கோப்புல மூச்சுக்காத்து படிஞ்சு போச்சுங்க. ஒடம்பு தெரியுது, கொம்பு தெரியல. நீங்க எண்ணிச் சொல்லுங்க."

என் கையில் பைனாகுலர். பார்த்தேன். ஒன்று. இரண்டு. சற்று மேலே, மெலிசாக, மூன்று.

"மூணு இருக்கு மாப்பிள்ளை."

"சுடட்டுங்களா மாமா?"

கவனியுங்கள். கையில் துப்பாக்கி வைத்திருப்பவர், பக்கத்தில் இருக்கும் மாமனாரிடம் உத்தரவு கேட்கிறார். நம்மவர்களால் மட்டுமே முடிகிற காரியம். முப்பத்து நாலு வருட உத்தியோகத்தில் எத்தனையோ உத்தரவு போட்டிருக்கிறேன். இவ்வளவு சின்ன உத்தரவு போட்டதில்லை.

"சுடுங்க."

ஒரே குண்டு. மான் நாலடி தாவி விழுந்தது. போய்ப் பார்த்தோம். மாப்பிள்ளை மண்டியிட்டார். கொம்பைத் தொட்டார். வெகு நேரம் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"மாமா… ரெண்டுதானுங்க இருக்குது."

அது நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு மொட்டை மரம். கொம்பின் உயரத்தில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது முனை அதுதான். அதற்கு ஒரு சேதமும் இல்லை.

சத்தம் கேட்டு செந்தில் வந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சி, விட்ரு. மேல எலையத் தள்ளிட்டுக் கெளம்பு. ஒருத்தனும் பாக்கல."

"அதெப்படிங்க விட்டுட்டுப் போறது?"

"டேய், பதினெட்டு நாள்ல இன்டர்வியூ. இப்ப போய் நீயே சொல்லி, ஆபீசர் ஒரு கேஸ் எழுதிட்டான்னா? உங்கம்மா மேட்டர் என்னாகும், யோசிச்சியா? அங்கிள், நீங்க சொல்லுங்க. ரூல் என்ன?"

ரூல் எனக்குப் பக்க எண்ணோடு தெரியும். தவறுதலாகச் சுட்டுவிட்டால், அன்றைக்கே நாமாகப் போய்த் தகவல் கொடுத்து, எழுதிக் கையெழுத்திட்டு, மானை ஒப்படைக்க வேண்டும். உண்மையிலேயே தவறுதல்தான் என்று அதிகாரி நம்பினால் வழக்கு இல்லாமல் விட்டுவிடலாம். 'விடலாம்.' 'விட வேண்டும்' அல்ல. அந்த 'லாம்' எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதன் மேல்தான் முப்பத்து நாலு வருடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் சொன்னேன். எண்ணியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே!

செந்தில் கத்தியை எடுத்து, ஆக வேண்டியதைச் செய்து, குடலை அகற்றினார். மறைத்தாலும் சொன்னாலும் அதைச் செய்யத்தான் வேண்டும். மூவரும் கேபினுக்கு நடந்தோம். நிர்மலா நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"யார் எண்ணினது?"

மாப்பிள்ளை அடுப்பைப் பார்த்தார். செந்தில் ஜன்னலைப் பார்த்தார். பார்ப்பதற்கு எனக்கு எதுவும் மிச்சமில்லை.

"அப்பா! மூணுப்பா. வெறும் மூணு. டேகேர் குழந்தைங்க எண்ணுதுங்க!"

"பின்னால ஒரு குச்சி…"

"இந்தத் தெருவுக்கே ஃபார்ம் செக் பண்ணிக் குடுக்கறீங்க. எந்த வீட்டு ஃபார்ம்ல எந்தக் குச்சி இருக்கோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

செந்தில் மறுபடியும் ஆரம்பித்தார். மறைத்துவிடலாம், மறந்துவிடலாம். அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த அறையில் ஈரோட்டு அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

மாப்பிள்ளை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மாமா, ஃபார்ம்ல ஒரு கேள்வி இருந்துதல்லோ… எப்பவாச்சும் குத்தம் பண்ணிட்டு, மாட்டாம இருந்திருக்கியான்னு?"

இருந்தது. அதற்கு 'இல்லை' என்று டிக் அடித்தவனே நான்தான்.

"இன்டர்வியூல கையத் தூக்கி சத்தியம் பண்ணோணுமுங்க. இப்ப இதைச் சொல்லீட்டா, இது தப்பு. அவ்வளவுதான். எலையப் போட்டு மூடீட்டா குத்தமாப் போயிருமுங்க. அப்புறம் அந்த 'இல்லை'ங்கறது பொய்யி. எங்கம்மாவ அந்தப் பொய்யில ஏத்தியா கூட்டீட்டு வாறது?"

போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வாசலுக்குப் போனார்.

அந்தக் கேள்வியை ஐம்பது விண்ணப்பங்களிலாவது கடந்திருப்பேன். கட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதை ஒருவர் கேள்வியாகப் படித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதியம் பிக்கப் டிரக்கில் வந்தார் அந்த வனவிலங்கு அதிகாரி. முப்பது வயதுக்குள் இருக்கும். சிரிப்பில்லாத முகம். காட்டுக்குள் எங்களோடு நடந்து வந்து, கொம்பை எண்ணினார். இரண்டு. முதல் பத்தியில் பார்த்தீர்களே, அந்தக் காட்சி.

"எண்ணிப் பார்க்காமலா சுட்டீர்கள்?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"சுட்டது நான். பொறுப்பு என்னுடையது" என்றார் மாப்பிள்ளை. என் பெயரே வரவில்லை. வராமலே முடிந்துவிடும்போல் இருந்தது. அப்படி முடிந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"மேடம், எண்ணியது நான்" என்றேன். பைனாகுலர், மரம், குச்சி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். என் பைனாகுலரை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்த இடத்துக்கே போய் உட்கார்ந்தார். அங்கிருந்து குரல் கொடுத்தார். மான் நின்ற இடத்தில் அதன் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமாம்.

மாப்பிள்ளை உடம்பைத் தாங்கினார். தலையைத் தூக்கிப் பிடித்தவர் செந்தில். காலையில் இலையைப் போட்டு மூடச் சொன்ன அதே செந்தில், இப்போது அதே மானை அரசாங்கத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் மேலே! கொஞ்சம் இடது பக்கம்!" என்று கத்தினார் அதிகாரி.

"மச்சி, இந்தம்மா பாஸ்போர்ட் போட்டோ எடுக்குதா?" என்று மாப்பிள்ளையிடம் முனகினாராம் செந்தில்.

நான் அதிகாரியின் பக்கத்தில் நின்றேன். அவர் உதடுகள் அசைந்தன. ஒன்று. இரண்டு. அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி.

"மூன்று" என்றார்.

பைனாகுலரை இறக்கிவிட்டு, வெறும் கண்ணால் பார்த்து, மறுபடியும் பைனாகுலரில் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

தவறுதல் என்று எழுதினார். வழக்கு இல்லை. மானை டிரக்கில் ஏற்றிக்கொண்டார். மாப்பிள்ளையிடம் வாக்குமூலப் படிவத்தை நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். சுட்டவர் பெயர், முகவரி, கையெழுத்து. சுடச் சொன்னவருக்கு ஒரு கட்டம்கூட இல்லை. தனித் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். நான் எண்ணியதையும், தவறாக எண்ணியதையும் எழுதி, தேதி, இடம் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் படித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோப்பில் வைக்கவில்லை. என் வாழ்நாளிலேயே நான் எழுதிய முதல் ஒப்புதல் வாக்குமூலம் எந்த அரசாங்கத்திலும் பதிவாகவில்லை!

கிளம்பும்போது மாப்பிள்ளையிடம் சொன்னார்: "அடுத்த முறை நீங்களே எண்ணுங்கள். உங்களால் எண்ண முடியவில்லையென்றால் சுடாதீர்கள்."

தேர்வில் அந்தக் கேள்வி இருந்தது. சுடுவதற்கு முன் இலக்கை உறுதி செய்ய வேண்டியவர் யார்? சுடுகிறவர். நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். நூற்றுக்கு நூறு என்றேனே.

முப்பத்து நாலு வருடம் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொத்து வாங்கியவர், விற்றவர், சாட்சி எல்லோரும் அதை நம்பிப் போனார்கள். நான் எண்ணிவிட்டேன் என்பதால் அவர்கள் எண்ணவில்லை. அவர்கள் எண்ணியிருப்பார்கள் என்று நம்பி நானும் சில நாள் எண்ணாமல் விட்டிருப்பேன். அந்தப் பத்திரங்களில் எத்தனை குச்சிகள் முளைத்து நிற்கின்றனவோ! யாராவது வாசகர் இப்போது பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், எனக்கு எழுத வேண்டாம்.

பதினெட்டாம் நாள் வந்தது. தவறுதல் என்று எழுதிய காகிதத்தின் நகலோடு மாப்பிள்ளை இன்டர்வியூவுக்குப் போனார். நான் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் வந்தார். கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து… ஈரோட்டுக்காரர்களிடம் ஒரு செய்தி வாங்குவதற்குப் பொறுமை வேண்டும்.

"பாஸுங்க மாமா."

"அந்தக் காகிதம்?"

"நானே எடுத்துக் குடுத்தேனுங்க. படிச்சாரு. 'யாரு இதைக் கொண்டுவரச் சொன்னது?'ன்னு கேட்டாரு. மாமனாருன்னேன். 'அவருக்கு ரூல்ஸ் நல்லாத் தெரியுமோ?'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லா ரூல்ஸும் தெரியுமுங்க, மூணு வரைக்கும் எண்ணறதுதான் கொஞ்சம் செரமம்னு சொன்னேனுங்க."

உறுதிமொழி எடுக்கும் நாள் இன்னும் வர வேண்டும். அது முடிந்த கையோடு அம்மாவுக்கான விண்ணப்பம். அதையும் மாமாதான் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். நிர்மலா ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் தட்டில் தோசையை வைத்துவிட்டு, கரண்டியோடு அங்கேயே நின்றாள்.

"எத்தனை தோசைப்பா? எண்ணிச் சொல்லுங்க."

மேலே இருந்த தோசையைத் தூக்கி, அடியிலும் பார்த்துவிட்டு, 'இரண்டு' என்றேன்.