தங்கபாய் எடுக்காத ஆணி

தங்கபாய் சைக்கிள் கடை நடத்தியதை இன்றைக்கு யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு ஒருத்தரும் பெருமைப்படவில்லை, சிரித்தார்கள். பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பொம்பளை ஒருத்தி நடுரோட்டில் குந்தியிருந்து டயர் கழற்றுவதைப் பார்க்கவென்றே பாறசாலைச் சந்தைக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கமாகச் சுற்றிப் போவார்கள்.

அவளுடைய புருஷன் செல்லசாமி டைபாய்டில் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். அப்போது அவன் சொல்லச் சொல்ல, கட்டிலுக்குப் பக்கத்திலேயே டியூபை விரித்துப்போட்டு ஒட்டப் பழகினாள். அவன் போனபோது ஒன்பது வாடகை சைக்கிளும், ஒரு மிதி பம்பும், பட்டை போடும் சாமான் பெட்டியும் மிச்சம். அடக்கம் முடிந்த எட்டாம் நாள் கடையைத் திறந்துவிட்டாள். சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அவள் வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாள் போட்டு உரசி, பட்டை ஒட்டுவாள். அதை எவனும் செய்வான். அதன்பிறகு டயரின் உட்புறத்தை வெறும் விரலால் ஒரு சுற்று முழுக்கத் தடவுவாள், மறுபடி எதிர்த்திசையில் இன்னொரு சுற்று. குத்தினது உள்ளேயே இருந்தால் ஒட்டி என்ன பிரயோஜனம்? விரல் கிழிந்து ரத்தம் வந்தாலும் ஆணியைப் பிடுங்கி, சுவரில் மாட்டியிருக்கும் ஒரு தகர டப்பாவில் போடுவாள். பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் மிஷினில் இருக்கும் எனக்கு 'டிங்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது, காற்று அடிக்கப் போகிறாள் என்று அர்த்தம். கடைசியில் வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்து, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகுதான் வண்டியைக் கையில் கொடுப்பாள்.

எங்கள் பக்கத்தில் அப்போது மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். டாக்டர் கிருஷ்ணன்குட்டியுடையது. யுத்தம் முடிந்து பட்டாளத்தில் ஏலம் போட்டபோது எடுத்த வண்டி. பனச்சமூடு முதல் பொழியூர் கடற்கரை வரை எந்த வீட்டில் பிரசவம் சிக்கலானாலும் அந்த வண்டிதான் போய் நிற்கும். தமிழ் வீடா மலையாள வீடா என்று அது பார்த்ததில்லை.

பஞ்சர் இருக்கோ இல்லையோ, சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அது தங்கபாயின் உத்தரவு.

"காத்து நாம ஒண்ணும் செய்யாட்டியும் தானா இறங்கும் ஸாறே. கொறஞ்ச காத்தில ஓட்டினா டியூப்பை ரிம்மு கடிச்சுப்போடும். பின்னால மருந்துப்பெட்டி வேற இருக்கு. பின் டயருக்கு ரெண்டு மிதி கூடுதல் வேணும் ஆக்கும்" என்பாள்.

டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

அப்புறம் அந்த வருடங்கள் வந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா முழுக்க மலையாள ராஜ்ஜியத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று எங்கள் தமிழ் ஆட்கள் கிளம்பினார்கள். நானும்தான். எத்தனை கொடி தைத்தேன் என்று எனக்கே தெரியாது. போலீஸ் ஜீப்பை நிறுத்த வேண்டும் என்று பையன்கள் லாட ஆணியை வளைத்து ரோட்டில் விதைத்தார்கள். புத்திசாலிகள்! ஜீப் எப்போதாவது ஒரு நாள் வரும். தினமும் அந்த ரோட்டில் போகிற ரப்பர் டயர் டாக்டருடையது. ஒரே மாதத்தில் ஏழு தடவை அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஆணி போட்டவர்களில் தங்கபாயின் தம்பி சத்தியராஜும் ஒருவன். அவனைக் கடைக்கு முன்னால் நிறுத்தி அவள் கிழித்த கிழி எனக்கு இன்றும் கேட்கிறது.

"எலே, நீ ராஜ்ஜியம் பிடிக்கதுக்கு அந்த மனுசனா ஆப்பிட்டாரு? பேறுகாலத்துக்குப் போறவருக்க காலுல ஆணி அடிக்குதியே, உனக்கு வெக்கம் இல்லியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். ஆணி நிற்கவில்லை.

ஐம்பத்துநாலு ஆகஸ்டில் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் எங்கள் ஆட்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. அதன்பிறகு பையன்கள் வீட்டில் தங்கவில்லை. சத்தியராஜ் பனச்சமூட்டில் ஒரு கொப்பரைக் கடையின் பின்கட்டில் இருக்கிறான் என்று தங்கபாய்க்கு மட்டும் தெரியும். அவள் மூலமாக எனக்கும் தெரியும்.

துப்பாக்கிச்சூட்டுக்கு ஐந்தாறு நாள் கழித்து, ஒரு காலையில் போலீஸ் ஏட்டு ஒருவர் டாக்டரின் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் ஜீப் வேறெங்கோ போயிருந்ததால் ஒரு நாளைக்கென்று டாக்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். பின் சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது.

"வேகம் வேணும். பனச்சமூடு வரை போகணும். ரெண்டு மூணு பேரு அவிடே ஒளிச்சிருக்குன்னு விவரம் கிட்டி" என்றார் ஏட்டு.

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். தங்கபாய் பின் சக்கரத்துக்கு முன்னால் குந்தினாள். டயரைக் கழற்றினாள், டியூபை முக்கினாள், பட்டை ஒட்டினாள். டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்று தடவினாள். பாதியில் கை நின்றது. நான் 'டிங்'குக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. டயரை மாட்டிக் காற்று அடிக்கிற சத்தம்தான் வந்தது. ஆணியை உள்ளேயே விட்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. கொஞ்ச தூரத்தில் மறுபடி காற்று போகும், ஏட்டு வழியில் நிற்பார், பையன் தப்பிவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

ஏட்டு வண்டியில் ஏறக் காலைத் தூக்கியபோது டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கூடவே கடற்கரை ஆள் ஒருவர். பொழியூரில் ஒருத்திக்கு நேற்றிலிருந்து வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். ஏட்டு நல்ல மனுஷன். மறுபேச்சு இல்லாமல் வண்டியை டாக்டரிடம் கொடுத்துவிட்டார்.

தங்கபாயின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்கு மனசு வராது.

"ஸாறே, ஒரு நிமிசம் நில்லுங்க. ஒருக்கா கூடி பாத்துட்டுத் தாறேன்" என்றாள்.

"தங்கபாயி நோக்கினதல்லே? பின்னே இனி ஆரு நோக்கணும்?" என்று சிரித்தார் டாக்டர். கடற்கரை ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

உள்ளே ஆணி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் ஏட்டு நின்றார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். நானும் வாய் இருந்து பேசாமல் நின்றேன். எனக்கு என்ன பயம்? என் தம்பியா ஒளிந்திருந்தான்? ஆனாலும் பேசவில்லை.

ஏட்டு அவளிடமே ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு பனச்சமூட்டுக்குப் போனார். அதன் இரண்டு டயரிலும் காற்று கனகச்சிதமாக இருந்தது. அவர் தலை மறைந்ததுதான் தாமதம், தங்கபாய் பெட்டியையும் பம்பையும் இன்னொரு சைக்கிளின் கேரியரில் கட்டினாள். சேலையை இழுத்துச் செருகினாள். கடைக்குப் பின்னால் வண்டியைச் சரிபார்க்க ஓட்டுவாளே தவிர, ரோட்டில் அவள் சைக்கிள் ஏறியதை ஒருத்தரும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஊரே பார்த்தது.

உச்சக்கடை தாண்டி ஒரு தென்னையில் மோட்டார் சைக்கிள் சாய்ந்து நின்றிருக்கிறது. ஆட்கள் இல்லை. மருந்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தே போயிருக்கிறார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து டயரைக் கழற்றி ஆணியை எடுத்து, டியூபை ஒட்டி, காற்றடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். டாக்டர் திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

"தள்ள உண்டு. கொச்சு போயி" என்றார். தாய் பிழைத்தாள், குழந்தை இல்லை.

அவள் ஆணியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நான்தான் உள்ளே விட்டேன் என்றும், தம்பிக்காக விட்டேன் என்றும் சொன்னாள். கொஞ்சம் முன்னே போய்ச் சேர்ந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்றும் கேட்டாள்.

டாக்டர் அந்த ஆணியைப் பார்த்தாராம். "அறிஞ்ஞூடா" என்றாராம். தெரியாது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பிழைத்திருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றிரவு தூங்கியிருப்பாள்.

சத்தியராஜ் அதற்கு இரண்டு நாள் முன்பே பனச்சமூட்டை விட்டு ஆரல்வாய்மொழி தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டான் என்ற சேதி அடுத்த வாரம்தான் வந்தது. ஏட்டு காலிக் கொப்பரைக் கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். இதைக் கேட்டபோது தங்கபாய் அழவில்லை. கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் கடையை நேரத்தோடு சாத்தினாள்.

டாக்டர் போலீஸிடம் வாய் திறக்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை மட்டும் வருவதில்லை. ஐம்பத்தாறில் எல்லை பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம் போனது, நாங்கள் மலையாளத்தோடு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். நான் தைத்த கொடிகள் கரித்துணியாயின. சத்தியராஜ் அந்தப் பக்கம் குழித்துறையில் வீடு எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். அவள் போகவில்லை.

அறுபதில், பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம், நல்ல மழை. டாக்டரின் மோட்டார் சைக்கிள் சரியாக எங்கள் கடைகளுக்கு முன்னால் காற்று போய் நின்றது. அவர் இறங்கினார், டயரைப் பார்த்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே நடந்தார். அடுத்த கடை இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. அவருக்கு அறுபது வயது இருக்கும். எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு வைராக்கியம் ஒரு மனுஷனுக்கு ஆகுமா? வெளியே இறங்கி, "ஸாறே, கடை திறந்துதானே கிடக்கு!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. தங்கபாய்தான் உள்ளேயிருந்து பேசினாள்.

"கூப்பிடாண்டாம் சுவாமிதாஸ் அண்ணா. அவரு தள்ளிட்டுப் போவட்டும். அந்தப் பிள்ளை இருந்தா இந்த வருசம் ஒண்ணாங் கிளாஸில சேத்திருப்பாவ."