கங்காணி வீட்டுக்குப் போன மாவு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடிக்கும்போது கோழிகூடக் கண் விழித்திருக்காது. இருட்டோடு போய் வரிசையில் நிற்க வேண்டும். பிந்தி வந்தவனைக் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்குக் கூலி கிடையாது. இட்லி, தோசையெல்லாம் கனவில் சாப்பிட்டால்தான் உண்டு.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் மாவு வறுப்பேன். தோட்டத்தில் அளந்து கொடுக்கும் படி அரிசி ஒரு பங்கு என்றால் காய வைத்த மரவள்ளி வற்றல் இரண்டு பங்கு, மணத்துக்குக் கொஞ்சம் பச்சைப்பயறு, சுக்கு. வறுத்துத் திருகையில் அரைத்து டின்னில் அடைத்தால் வாரம் ஓடும். காலையில் வெந்நீரும் உப்பும் சேர்த்தால் பசியாறல் ஆயிற்று. பால் மரம் சீவுவதில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே நான்தான் மட்டம். மாவில் மட்டும் கைராசிக்காரன் என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாததால்.

மழைக்காலம் வந்தால் என் சின்ன மகளுக்குக் காய்ச்சலும் வந்துவிடும். அந்த வருடம் எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஈப்போ பட்டணத்தில் மாட்டுவண்டி ஓட்டும் மச்சான், வந்தால் வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டால் யாரும் தோட்டத்தை விட்டுப் போகலாம். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சொல்ல வேண்டியவர் கங்காணி. நானே சொல்லலாம்தான். ஆனால் ஊரையே சிரிக்க வைக்கும் என் வாய், துரையின் தொப்பியைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும்.

கங்காணியிடம் கேட்கப் போகிறவர்கள் ஒரு சேவலோடு போவது வழக்கம். எங்களிடம் சேவல் இல்லை. ஒரு டின் மாவு கொண்டுபோனேன். அங்கேதான் என் மூளை வேலை செய்தது, தலைகீழாக. சேவலைத் தின்றால் அதோடு தீர்ந்தது. மாவு தீர்ந்தால் நாக்கு இன்னும் கேட்கும்.

அடுத்த வாரம் டின் காலியாகத் திரும்பி வந்தது, நிரப்பித் தரச் சொல்லி. அதற்கடுத்த வாரமும். துரையிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டால், "பாப்போம்லா, என்ன அவசரம்" என்பார் கங்காணி. ஒரு தடவை வேண்டுமென்றே கருக வறுத்துக் கொடுத்தேன். வாசம் தூக்கலாக இருக்கிறது, இனி இப்படியே வேண்டும் என்று சொல்லியனுப்பினார். செய்முறையை அவர் மனைவிக்குச் சொல்லிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "இம்புட்டு வேலையா? நீயே செஞ்சு குடுத்துரு தம்பி" என்றார்.

"சேவலு இல்லைன்னு வெறுங்கையோட போயிருந்தாக்கூட இந்நேரம் ஈப்போவுல இருந்திருப்போம்" என்றாள் என் மனைவி.

மறுநாள் பெரட்டுக்குத் துரை வந்திருந்தார். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வரிசையை விட்டு முன்னால் போனாள். நான் என் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"தொரே, நாங்க போறோம். புள்ளைக்கு இந்த ஊரு ஒத்துக்கல."

துரைக்குத் தோட்டத் தமிழ் வரும். பிள்ளையைப் பார்த்தார், தலையாட்டினார். ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்றார்.

அவர் நகர்ந்ததும் கங்காணி என் பக்கத்தில் வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"போ தம்பி, நல்லா இரு. போறதுக்குள்ள ஒரு வருசத்துக்கு ஆவுற மாவ அரைச்சு வச்சிட்டுப் போ."

"சரிங்கண்ணே" என்று என் வாய் முந்திக்கொண்டது.

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால் வாளியை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள். அந்த மாதம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும், திருகையைச் சுற்றியபடி கிடந்தேன்.