நண்டு சாருக்கு முன்னால் இரண்டு எழுத்து

சித்தூர் காலேஜில் விலங்கியல் பகுதிக்கு நான் அட்டெண்டராக இருந்தேன். எங்கள் லெக்சரர் ஒருவரை ஊரே நண்டு சார் என்றுதான் கூப்பிட்டது. பிச்சாட்டூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. மெட்ராஸில் எம்.எஸ்ஸி. படித்து, அங்கேயே கொஞ்ச காலம் ஆராய்ச்சியும் செய்துவிட்டு வந்தவர். கோடையில் ஏரி வற்றி வயல் வெடித்துக் கிடக்கும்போது வயல் நண்டு எங்கே போகிறது, தண்ணீரே இல்லாமல் எப்படி உயிரோடு கிடக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. விடுமுறை நாளில் மற்ற லெக்சரர்கள் சினிமாவுக்குப் போவார்கள். இவர் கண்ணாடி ஜாடிகளை என் தலையில் கட்டி வயலுக்கு இழுத்துப் போவார். அவர் தோளில் மண்வெட்டி இருக்கும். அது அவருடைய நைனாவின், அதாவது அப்பாவின் மண்வெட்டி, அலகின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்துபோயிருக்கும். நண்டு வளையை வெட்டித் திறந்ததும் அளவு தெரிவதற்காக அதைப் பக்கத்தில் சாய்த்துவைத்துத்தான் போட்டோ எடுப்பார். மெட்ராஸில் இருந்த காலத்திலும் ஊருக்கு வந்து இப்படித்தான் எடுத்தாராம்.

பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது கொஞ்ச காலம்தான். தமிழும் தெலுங்கும் கடைப் பலகைகளைப் பார்த்துக் கற்றேன். இங்கிலீஷ், ஜாடிகள்மேல் ஒட்டிய சீட்டுகளைப் பார்த்து. மற்றபடி எனக்கு ருசி பிறத்தியார் பேச்சில்தான். யாராவது நறுக்கென்று ஒரு வார்த்தை சொன்னால், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் சம்சாரத்திடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அந்த விதத்தில் நண்டு சாரோடு போன நாட்களில் எனக்குக் குறையே இருந்ததில்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்து சித்தூர் அந்தப் பக்கம் போயிருந்தது. எந்த ஊர் எந்த ராஜ்யத்தில் இருக்க வேண்டும் என்று டீக்கடையெல்லாம் ஒரே எல்லைப் பேச்சு. ஒருநாள் பிச்சாட்டூரில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏன் சாரே, இது ஆந்திரா நண்டா, மெட்ராஸ் நண்டா?"

சார் சேற்றில் படுத்து, தோள்வரைக்கும் கையை வளைக்குள் விட்டிருந்தார்.

"இரும்மா. கடிக்கட்டும். எந்த பாஷைல கடிக்குதுன்னு பாத்துட்டு சொல்றேன்."

"கடிச்சா உனக்கு சம்பளம். எங்க வரப்புதான் ஓட்டையா பூடுது!" என்றாள் அவள். நட்டுக்கொண்டிருந்த வரிசை முழுவதும் சிரித்தது.

இந்தப் பிரிவினை எங்கள் காலேஜ் ஆபீசுக்குள்ளும் வந்தது. எல்லோருக்கும் புது சர்வீஸ் ரிஜிஸ்டர் போட்டார்கள். தெலுங்கர்களுக்குக் குடும்பத்துக்கென்று ஒரு வீட்டுப் பெயர் உண்டு. அதன் எழுத்தைத்தான் பெயருக்கு முன்னால் போடுவார்கள். நமக்கு நைனா பெயரின் எழுத்து. ஆபீஸ் குமாஸ்தா தங்கமான மனிதர், ஆனால் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"இண்டி பேரு ஏமி சார்?"

"வீட்டுப் பேரெல்லாம் எங்களுக்குக் கிடையாதுங்க. நைனா பேருதான்."

"அட, வூடு இல்லாத மனுஷன் உண்டா சார்? காலியா வுட்டா கர்னூல் பெரிய ஆபீஸ்லேர்ந்து திரும்பி வந்துடும். உங்க ஊர் பேரையே வெச்சுடறேன். எங்காளுங்கள்ள பாதிப் பேருக்கு அப்படித்தான்."

சொல்லிக்கொண்டே எழுதிவிட்டார். சாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் நான் பொறுக்காமல், "நைனா எழுத்து பூட்ச்சே சார்" என்றேன்.

"நைனா ஊர்லதானப்பா இருக்காரு? ஊரை எழுதினா அவரும் உள்ளதான் இருக்காரு."

அப்புறம் காலேஜ் மூலமாகப் போன கட்டுரைகளிலெல்லாம் புது எழுத்துதான் அச்சாயிற்று. நண்டைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, தன் பெயர் எப்படி இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

சில வருஷம் கழித்துத் திருப்பதியில் லெக்சரருக்கு மேல்படியான ரீடர் வேலை ஒன்று காலியாயிற்று. அதே சமயம் சாரை அனந்தபுரம் பக்கத்துக் காலேஜுக்கு மாற்றி உத்தரவும் வந்திருந்தது. வேலை கிடைத்தால் திருப்பதி, சுற்றிலும் வயல், ஆராய்ச்சிக்கென்று தனி அறை. கிடைக்காவிட்டால் கல்லும் கடலைக்காடும். நெல் வயலே இல்லாத இடத்தில் வயல் நண்டை எங்கே தேடுவது? இத்தனை வருஷத்து வேலை அப்படியே நின்றுபோகும். சார் மாற்றல் உத்தரவை ஒரு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு, அந்த ஜாடியை மட்டும் தொடாமல் இருந்தார்.

திருப்பதியில் கேட்டிருந்தது இரண்டு விஷயம்: இதுவரை என்னென்ன கட்டுரை எழுதினீர்கள், அவற்றை ஆதாரமாக வைத்து வேறு யார் யார் எழுதியிருக்கிறார்கள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் யாருடைய வேலையைப் பார்த்து எழுதினோம் என்று பெயர் போடுவார்களே, அதைத்தான் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள். சார் மெட்ராஸில் எழுதியது, சித்தூரில் எழுதியது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினார். கட்டு மெலிசாகத்தான் இருந்தது. ஒரு முடிவை எழுதுவதற்கு முன் இன்னொரு கோடைக்குக் காத்திருந்து பார்க்கிற ஆள் அவர்.

நேர்முகத்துக்கு நானும் ஜாடிகளோடு போனேன். அறை வாசலில் பெஞ்சு. அதில் எங்களுக்கு முன்னாலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார். திருப்பதியிலேயே வேலை பார்த்த தெலுங்கு லெக்சரர், தவளை ஆராய்ச்சிக்காரர். அந்த வேலைக்கு வந்த இன்னொருவர் அவர்தான். அவருடைய கட்டு தலையணை மாதிரி இருந்தது. அதைச் சுமந்து வந்த அட்டெண்டர் எங்கள் கட்டைப் பார்த்துவிட்டு, "உங்க சாருது காத்தடிச்சா பறந்துடும் போலிருக்குதே" என்றான்.

"பறக்கட்டும். அது சீமைவரிக்கும் பறந்து பழகினது" என்றேன். தவளைக்காரர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்.

முதலில் எங்கள் சாரைக் கூப்பிட்டார்கள். அறைக்கு அரைக் கதவுதான், உள்ளே பேசுவது கேட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

"உங்கள் கட்டுரை ஒவ்வொன்றிலும் ஒரு மெட்ராஸ்காரரைச் சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய கட்டுரைகளையும் உங்கள் கட்டில் சேர்த்திருக்கிறீர்கள். எல்லாமே அவர் போட்ட பாதை. இதில் உங்களுடையது என்ன?"

"அதுவும் நான்தான்" என்றார் சார்.

"எழுத்து வேறாக இருக்கிறதே?"

பட்டச் சான்றிதழில் நைனா எழுத்து, சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஊர் எழுத்து. ஒவ்வொரு காகிதமும் ஒவ்வோர் ஆளுக்குச் சாட்சி சொல்லிற்று. பெயரோ திருப்பதி மலையடிவாரத்தில் வீட்டுக்கு வீடு வைக்கிற பெயர். அந்தப் பெயரில் யாரைத்தான் நம்புவது என்று பெரியவர் கேட்டதில் தப்பில்லை.

பக்கத்திலிருந்தவர் இன்னொரு முடிச்சுப் போட்டார். "சரி, ஒரே ஆள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்களே உங்களைச் சொல்லிக்கொண்டதுதானே இதெல்லாம்? அதைக் கழித்தால் என்ன மிஞ்சும்?"

இரண்டு ஆள் என்றால் இரவல் வேலை. ஒரே ஆள் என்றால் சுயபுராணம். சார் கொஞ்சமும் தயங்கவில்லை.

"கழிச்சிடுங்க. நானே என்னைச் சொன்னது எண்ணிக்கையில வரக்கூடாது. மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான்."

வெளியே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "இன்னாப்பா பண்றது, வளைக்கு ரெண்டு வாய் வெச்சுட்டேன். எதுல வந்தாலும் மாட்டிக்கினேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

தவளைக்காரர் என் பக்கம் திரும்பி என்ன விஷயம் என்று கேட்டார். என்னிடம் கேட்டால் விடுவேனா? குமாஸ்தா, வீட்டுப் பெயர், கர்னூல், எல்லாவற்றையும் அவரவர் குரலில் பேசிக் காட்டினேன். முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். திடீரென்று சிரிப்பு நின்றது.

"ரெண்டும் ஈயனேனா?" என்றார். இரண்டும் இவர்தானா என்று கேட்கிறார்.

"அட ஆமா சார், நான்தான கூடவே ஜாடி தூக்கிக்கினு சுத்தறேன்."

அவர் தன் கட்டிலிருந்து ஒரு கட்டுரையை உருவினார். கோடையில் தவளைகள் நண்டு விட்டுப்போன வளைக்குள் போய்ப் பிழைக்கின்றன என்பது அதன் சாரம். அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்ததே அந்தக் கட்டுரைதான். வளையின் அடியில் கோடை முழுவதும் ஈரம் நிற்கிறது என்பதை மெட்ராஸில் ஒருவரும் சித்தூரில் ஒருவரும் தனித்தனியாகக் கண்டு உறுதிப்படுத்தியிருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார். அச்சில் ஏறியாகிவிட்டது. பிறகு எங்கள் கட்டைக் கேட்டு வாங்கி, மெட்ராஸ் கட்டுரை ஒன்றையும் சித்தூர் கட்டுரை ஒன்றையும் மடிமேல் விரித்துவைத்து, படங்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் உள்ளேயிருந்து அழைத்தார்கள்.

சும்மா இருந்திருந்தால் வேலை அவருக்குத்தான். அவருடைய கட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டியவர், எங்கள் கட்டிலிருந்த இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

"என் விஷயத்துக்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும்" என்று ஆரம்பித்தார். "என் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. ஒரே ஆளை இரண்டு சாட்சியாக நிறுத்திவிட்டேன். இந்தப் படங்களைப் பாருங்கள். வளைக்குப் பக்கத்தில் அளவுக்கு வைத்திருக்கிற மண்வெட்டி, அலகின் ஓரத்தில் ஒரே இடத்தில், ஒரே மாதிரி உடைந்திருக்கிறது."

காகிதம் கை மாறுகிற சத்தம் கேட்டது. "உங்கள் கட்டுரை தப்பு என்று நீங்களே சொல்கிறீர்களா?" என்றார் பெரியவர்.

"சாட்சிகளை எண்ணியதில் தப்பு. ஆனால் அந்த ஒரு சாட்சி இல்லையென்றால் என் தவளைக்கு வீடே கிடையாது. அவர் எழுதியதை வைத்துத்தான் நான் இத்தனையும் எழுதினேன். அவரே தன்னைச் சொன்னதை எல்லாம் கழித்தாலும், என்னைக் கழிக்க முடியாது."

தண்ணீர் குடித்துவிட்டு வந்த சார் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டார். கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

வேலை எங்கள் சாருக்கே வந்தது. அனந்தபுரம் உத்தரவு ரத்தானது. என்னையும் திருப்பதிக்கே கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்குக் கொடுத்த அறைக்கு அடுத்த அறை தவளைக்காரருடையது. நடுவிலிருந்த கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. நண்டு தப்பித்து அந்தப் பக்கம் ஓடினால், "சாரே, மீ மெட்ராஸ் ஆள் ஒச்சாடு!" என்று அங்கிருந்து குரல் வரும். உங்க மெட்ராஸ் ஆள் வந்துவிட்டான் என்று கேலி.

சித்தூர் குமாஸ்தாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "நா வெச்ச எழுத்து ராசியானதுப்பா. அது இல்லேன்னா இவ்ளோ பேரு உங்க சாரப் பத்திப் பேசியிருப்பாங்களா?" என்றார்.

தவளைக்காரர் சொன்னதோடு நிற்கவில்லை. தன் கட்டுரை வந்த அதே சஞ்சிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினார். அரைப் பக்கத்துக்கு அச்சாகி வந்தது. அதில் எங்கள் சார் பெயர் இரண்டு எழுத்தோடும் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சார், இதையும் நம்ம எண்ணிக்கையில சேத்துக்கலாமா?"

"சேக்கக்கூடாதுப்பா. இது நண்டைப் பத்தினது இல்ல. இதுக்கு உண்டான பேரு அவருக்குத்தான் போவணும்."

இனிமேல் யாரும் குழம்பக்கூடாது என்று, அடுத்த கட்டுரையை எங்கள் சார் நைனா எழுத்து, ஊர் எழுத்து இரண்டையும் முன்னால் போட்டே அனுப்பினார். அச்சாகி வந்ததும் நான் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். யாரைப் பார்த்து எழுதினோம் என்று போடுகிற இடத்தில், எல்லாருக்கும் மேலே, தவளைக்காரருடைய அந்த அரைப் பக்கத் திருத்தம் இருந்தது.