சாவு மேளத்தோடு வந்த மாப்பிள்ளை

புயல் என்பது கடலோரத்துச் சமாச்சாரம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். டிவியில் செய்தி பார்த்து, கரையோர ஜனங்களுக்காக ஐயோ பாவம் சொன்னோம். ஆனால் அந்த மழையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையே இறங்கி வந்து, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பாதியைக் கொண்டு போய்விட்டது. எங்களுக்கு வீடு போனது, உயிர் தப்பியது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களுக்கு அதுவும் இல்லை. மண்ணிலிருந்து ஒவ்வொருவராக எடுக்க எடுக்க, தோட்டத்து மேளக்காரர் தப்பு மேளத்தில் சாவு அடியையே அடித்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று புயலுக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். நாங்களோ பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம்.

"ஊரே அழுவுது, இப்ப என்னாத்துக்குக் கல்யாணம்?" என்றாள் பெரியம்மா.

அம்மா யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னாள்: "பண்ணுவோம். ஆனா அன்னிக்கு ஒரு சின்ன அபசகுனம் தெரிஞ்சாலும் அடுத்த தைக்குத்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டையே மண் மூடிய பிறகு இன்னும் என்ன சகுனம் பாக்கி? வாயைத் திறந்து கேட்டால் அதையே அபசகுனம் என்றுவிடுவாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மஸ்கெலியாவிலிருந்து வேனில் வந்து, ரோடு சரிந்த இடத்தில் இறங்கி, தேயிலைக்குள் நடந்து வர வேண்டியிருந்தது. அழைத்து வர மேளக்காரர் போயிருந்தார். கோயிலடியில் நான் கூறைச்சேலையும் மாலையுமாக நின்றேன். சுற்றிலும் ஒரே பனிமூட்டம். கீழே மேளச் சத்தம் கேட்டது.

கேட்டது சாவு அடி.

மண்ணுக்குள்ளிருந்து இன்னும் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். யாரையோ எடுத்துவிட்டார்கள் என்றே எல்லாரும் நினைத்தோம். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். என் கல்யாணம் அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது ஒரு வாழைக்குலை. அதைச் சுமந்தவர் பின்னால், வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்தபடி, சேறும் சகதியுமாக மாப்பிள்ளை. எங்கள் ஊர்ச் சாவுகளுக்குச் செய்யும் மரியாதையாக்கும் என்று நினைத்து அவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்தபடி நடந்து வந்தார்கள். முன்னால் மேளக்காரர், கண்ணை மூடிக்கொண்டு சாவு அடியை அடித்தபடி.

"என்னாங்கண்ணே அடிக்கிறீங்க?" என்று மாமா கத்தினார்.

மேளக்காரர் நின்று தன் கைகளைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. "கை பழகிருச்சுங்க," என்று சொல்லி அழுதுவிட்டார்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். ஒரு விம்மல் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். புயலுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். என் நெஞ்சு நிறைந்துபோனது. மாப்பிள்ளை சிரித்தார், பிறகு ஊரே சிரித்தது.

"அவரு கை என்னா பண்ணும்? நம்ம சனத்துக்காகத்தானே அடிச்சிச்சு," என்று கண்ணைத் துடைத்தாள் அம்மா. "அண்ணே, பனியில நமத்துப்போன தப்பைச் சோறு வேகுற அடுப்புல காய்ச்சுங்க. இன்னிக்கு முழுக்கக் கல்யாண அடிதான். கை மறுபடியும் பழகட்டும்."

தாலி ஏறியபோது மேளக்காரர் கை இரண்டு தடவை தடுமாறியது. அப்புறம் அடி சரியாக விழுந்தது. முதலில் ஆடியது நான்தான். கல்யாணப் பொண்ணு ஆடலாமா என்று பெரியம்மா கத்தியது, அந்த மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.