நனையாத மெழுகுதிரி

எனக்கு எழுதத் தெரியாது; நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். தோட்டவெளியிலிருந்து மடு மாதா கோயிலுக்கு நடந்து போவதென்றால் இந்த வயதிலும் எனக்குக் கொண்டாட்டம்தான். போன மாரியில் தங்கச்சி திரேசாவும் வந்தாள். தன் மகன் கடலில் தப்பி வந்ததற்கு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக அவள் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். பேத்தியின் பள்ளிக்கூடப் பையை நான் முதுகில் மாட்ட, "அக்கா, எத்தினையாம் வகுப்பு?" என்று பகிடி பண்ணினாள்.

வீட்டில் தடித்த பொலித்தீன் பை ஒன்றுதான் இருந்தது.

"உடுப்பை அதுக்குள்ள வையுங்கோ, அக்கா" என்றாள்.

"உடுப்பு நனைஞ்சால் காயும். திரி நனைஞ்சால் பத்துமோடி?" என்று மெழுகுதிரிகளை அதில் சுற்றினேன்.

முருங்கன் தாண்டியதும் மழை கொட்டியது. ஒரு கடை வாசலில் ஒதுங்கி, உடுப்பு மாற்றப் பையைத் திறந்தால் எங்கள் இரண்டு பேரின் சேலை, துவாய் எல்லாம் தண்ணீர் சொட்டின. திரேசாவுக்கு முட்டு வருத்தம் இருப்பது தெரிந்தும் நான் யோசிக்கவில்லை. ஈரத்தோடு காற்றும் பட, அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம்.

"இன்னும் கொஞ்சத் தூரம்தானே, அக்கா" என்று வழியெல்லாம் அழுதாள்.

பிழைத்துவிட்டாள். ஆனால் இனி அவ்வளவு தூரம் நடக்கமாட்டாள்.

இப்போதெல்லாம் முதலில் ஒரு சோடி உடுப்பையும் துவாயையும் பொலித்தீனில் இறுக்கிக் கட்டித்தான் பையில் வைப்பேன். கூரைக்குக் கீழே போகும்வரை அவிழ்க்கமாட்டேன். மெழுகுதிரி கோயில் வாசலிலேயே விற்கிறார்கள். அது அன்றைக்கும் எனக்குத் தெரியும். திரேசாவின் மெழுகுதிரிகள் ஒரு துளி ஈரமும் படாமல் என் அலுமாரியில் கிடக்கின்றன.