மந்திரிக்குப் போட்ட சோறு

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன். ஆனாலும் அமெரிக்காவில், பிளானோவில் என் மகன் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சோமாலியாவிலிருந்து ஒரு மந்திரி சாப்பிட வருவதாக மகன் சொன்னான். அவன் கம்பெனி சாஃப்ட்வேரை அந்த அரசாங்கம் வாங்க வேண்டுமாம்.

"சாதாரண கான்ஸ்டபிளா சேர்ந்து, ஸ்டேஷன் ஆபீசராகி, சிட்டி போலீசுக்கே தலைவராகி, இப்ப மினிஸ்டர். என்ன கேரியர் பாருங்கம்மா!"

ஹலால் கடைக்குக் கூட வந்து கறி வாங்கித் தந்தவள் பக்கத்து வீட்டு சோமாலியாக்காரி. என் வயதுதான். எங்கள் இருவர் இங்கிலீஷையும் சேர்த்தாலும் ஒரு காகிதம் நிறையாது. மீதியைக் கை பேசும். அன்று காலை என் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் மகன் பெருமையாகப் போனில் மந்திரியின் படத்தைக் காட்டிவிட்டுப் போனான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"திஸ் மேன். மை பிரதர்."

பாதி இங்கிலீஷும் பாதி கையுமாகச் சொன்னாள். இந்த மந்திரி ஸ்டேஷன் ஆபீசராக இருந்தபோது அவள் தம்பியைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். பதினோரு நாள் சோறு கொண்டுபோயிருக்கிறாள். இவரே வாங்கிக்கொள்வாராம். சாயங்காலம் காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தந்து, நன்றாகச் சாப்பிட்டான் என்பாராம். தம்பி இரண்டாம் நாளே செத்துப்போயிருந்தான்.

சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விட்டாள்.

மகனிடம் சொன்னேன்.

"அம்மா, இந்த டீல் போச்சுன்னா என் வேலையே போயிரும். பழைய கதையெல்லாம் இன்னைக்கு வேண்டாம். நீங்க பரிமாறுங்க, போதும்."

பரிமாறினேன். மந்திரி மோதிரத்தில் குழம்பு வழிய வழியச் சாப்பிட்டார். போலீஸ் காலத்தைப் பற்றி ஏதோ பேசினார். மருமகள் என் காதில், "இவர் ஸ்டேஷன்ல யாரையுமே பட்டினி போட்டதில்லையாம் அத்தை" என்றாள். என் மகன் பயபக்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவர் கிளம்பும்போது, "மிச்சக் கறியைக் கட்டிக் குடுங்கம்மா" என்றான் மகன். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த, சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியை எடுத்தேன். கரண்டியைக் கறிக்குள் விட மனம் வரவில்லை. காலியாகவே மூடி, துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

கனமாயிருக்கும் என்று மந்திரி நீட்டிய கை, வாங்கியதும் சட்டென்று மேலே எழும்பியது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் கையாலேயே சொன்னேன்: போசி, மூடி, உள்ளே ஒன்றுமில்லை. அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

அன்று சாயங்காலம் மகன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மா, மினிஸ்டர் போன் பண்ணாரு. டீல் ஓகே! நீங்க கட்டிக் குடுத்ததை ஓட்டல்ல வச்சு நல்லா சாப்பிட்டாராம்."

அவளிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை.