பாலம் இல்லை என்று எழுதினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தேனியில் ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்ததால் அங்கே எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’. உறுப்பினரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மனுக்களை வாங்குவதும், அவற்றில் முக்கியமானவற்றை சட்டப்பேரவையில் அமைச்சர்களிடம் கேட்கும் கேள்விகளாக எழுதிக் கொடுப்பதும் என் வேலை. ‘அரசு ஆவன செய்யுமா?’ என்று முடியும் அந்தக் கேள்விகளை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. அரை மணி நேரம் புலம்புகிறவரின் குறையை இரண்டே வரியில் அடக்கிவிடுவேன்.

திங்கட்கிழமை என்றால் கூட்டம் வாசல் வரை நிற்கும். அன்று என் மேசைக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். கம்பம் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு சின்ன ஊர். தோட்ட வேலைக்குப் போகிறவர். கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்ததிலிருந்து ஆரம்பித்தார். இடுப்பில் அடி, நடக்க முடியவில்லை, வாரம் இரண்டு முறை தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து பயிற்சி கொடுக்க வேண்டும், ஆட்டோ ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது... பின்னால் வரிசை நகராமல் நின்றது.

“அம்மா, சுருக்கமா சொல்லுங்க. ஓடையில பாலம் வேணும், அதானே?” என்றேன்.

அவர் ஒரு நிமிடம் தயங்கினார். “ஆமா, பாலந்தான்... பாலத்துல என்னன்னா ஆத்தா...” என்று தொடர்ந்தார். நான் குனிந்து எழுத ஆரம்பித்திருந்தேன். எழுதியதைப் படித்தும் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அனுப்புகிற கேள்விகளில் பெரும்பாலானவை அவைக்கு வருவதே இல்லை. இது வந்துவிட்டது. நாள் தெரிந்ததும் அந்த அம்மாவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். கேள்வி நேரத்தை அலுவலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரில் பார்த்தோம்.

உறுப்பினர் எழுந்து, நான் எழுதிக் கொடுத்ததை நிறுத்தி நிதானமாகக் கேட்டார். அந்த ஊர் மக்கள் பாலம் இல்லாமல் படும் அவதியைப் போக்க அரசு ஆவன செய்யுமா?

அமைச்சர் தாளைப் பார்த்துப் பதில் சொன்னார். அந்த ஓடையில் பாலம் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டுவிட்டது, ஆகவே இந்தக் கேள்வி எழவில்லை. பிறகு நிமிர்ந்து, உறுப்பினர் ஒருமுறை தன் தொகுதிக்குப் போய் வந்தால் அந்தப் பாலத்தைப் பார்க்கலாம் என்றார். அவை சிரித்தது. துணைக் கேள்வி கேட்க எழுந்த எங்கள் உறுப்பினர், கேட்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. பொய்யான மனுவைக் கொடுத்துவிட்டாரே என்ற கோபத்தில்தான் எடுத்தேன்.

“டீச்சரம்மா, பாலம் இருக்குன்னு மந்திரி சொல்லிட்டாகளே. அவுக சொன்னது சரிதானே? நான் எப்ப இல்லைன்னு சொன்னேன்? அதுல ஏற வழி இல்லைன்னுல்ல சொன்னேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

சனிக்கிழமை உறுப்பினர் ஊருக்கு வந்தார். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கையில் வைத்திருந்தேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். கடிதத்தை வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தார்.

“நீங்க போய்ப் பாக்கலை. நானும் பாக்கலை. நான் மட்டும் எங்கன போயி ராஜினாமா குடுக்கறது? காலையில கிளம்பி இருங்க, போய்ப் பாப்போம்” என்றார்.

மறுநாள் போனோம். பாலம் இருந்தது, உறுதியாக, அகலமாக, கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பெல்லாம் அடித்து. தார்ச்சாலையிலிருந்து காரிலேயே அதன் மேல் ஏறினோம். ஊர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது பாலம் அந்தரத்தில் முடிந்தது. கீழே தரை என் நெஞ்சளவு ஆழத்தில் கிடந்தது. சாலையை இணைக்க வேண்டிய இடம் ஒருவருடைய பட்டா நிலம். அந்த விவகாரம் முடியாததால் வேலை அப்படியே நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் கல்லை அடுக்கிப் படி மாதிரி வைத்திருந்தார்கள்.

“முன்னாடி தரைப்பாலம் இருந்துச்சுய்யா. தண்ணி வராத நாள்ல ஆட்டோ வீட்டு வாசலுக்கே வரும். இதைக் கட்டுறப்ப அதை இடிச்சுட்டாக. இப்ப அவரை நாலு ஆம்பளைக தூக்கணும். பகல்ல ஆம்பளைக எல்லாம் வேலைக்குப் போயிருவாக. மூணு வாரமா ஆஸ்பத்திரிக்குப் போகலை” என்றார், கீழே வந்து நின்ற அந்த அம்மா.

உறுப்பினர் கல்லில் கால் வைத்து இறங்கினார். அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், அவர் கணவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் மூன்று பக்கம் பிடிக்க, நாலாவது பக்கத்தை உறுப்பினரே பிடித்தார். ஆஸ்பத்திரிப் பை என் கையில். அந்தக் கற்களில் ஏறும்போது ஒன்று நகர்ந்து நாற்காலி சாய்ந்தது. அடிபட்ட மனிதர் கத்தவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உறுப்பினரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மேலே வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. “வாரத்துக்கு ரெண்டு தடவை இப்படித் தூக்க ஆள் தேடணும்னா எப்படிம்மா” என்று உறுப்பினர் அந்த அம்மாவிடம் சொன்னார். அடிபட்டவரைக் காரிலேயே தேனிக்கு அனுப்பிவைத்தோம்; உறுப்பினரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் டாக்டரிடம் போனில் பேசி உறுப்பினர் ஏற்பாடு செய்திருந்தார்.

கார் திரும்பி வரும்வரை அந்த அம்மாவும் நானும் பாலத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்ததும் படித்துக் காட்டினேன்.

“பாலம் கட்டி நாலு வருசம்னு போட்டிருக்க. மூணுதான் ஆத்தா. கூட்டிச் சொன்னா அதையே புடிச்சுக்குவாக” என்று திருத்தினார்.

அந்தக் கூட்டத்தொடரிலேயே, துறைகளுக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் எங்கள் உறுப்பினருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. முதலில், அன்று தான் கேட்ட கேள்வி தவறு என்றும் அமைச்சர் சொன்னதே சரி என்றும் ஒப்புக்கொண்டார். “பாலம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் ஏறுவதற்கு வழிதான் இல்லை” என்றார். பிறகு அந்த அம்மா சொன்னதை, பெரும்பாலும் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே படித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நேரில் ஆய்வு செய்யச் சொல்வதாக அமைச்சர் பதில் சொன்னார்.

ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். நிலத்துக்காரரோடு பேசி முடிக்கவே பல மாதங்கள் ஆயின. கடைசியில் மண் கொட்டிச் சரிவு போட்டார்கள். தார் இன்னும் போடவில்லை; மழைக்காலத்தில் சகதிதான். ஆனாலும் ஆட்டோ வீட்டு வாசலுக்குப் போகிறது. கணவர் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார் என்று அந்த அம்மா போனில் சொன்னார். விட்டுப்போன வாரங்களில் ஒழுங்காகக் கூட்டிப்போயிருந்தால் இன்னும் சீக்கிரமே நடந்திருப்பார் என்றும் சொன்னார். என்னைக் குறை சொல்ல அதைச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

இன்றும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். திங்கட்கிழமைக் கூட்டமும் குறையவில்லை. ஒவ்வொரு மனுவுக்கும் குனிந்து எழுதத் தொடங்கும் முன், எதிரில் இருப்பவர் பேசி முடித்துவிட்டாரா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன். சொல்ல வந்ததை அவர் இன்னும் சொல்லத் தொடங்கவே இல்லை என்பது பல நாட்களில் அப்போதுதான் தெரிகிறது.